அழகுபாண்டி வயலில் ஒரு வட்டம்

வட்டத்தை முதலில் பார்த்தவன் ராஜபாண்டி. பார்த்ததோடு, பேசாமல் தன் காலை ஓட்டத்தை ஓடி முடித்திருக்கலாம். நின்று, வயலுக்குள் இறங்கி, கைப்பேசியில் வீடியோ எடுத்து, 'நம்ம ஊருக்கு யாரு வந்துட்டுப் போயிருக்காங்க பாருங்க மக்களே' என்று போட்டுவிட்டான். வெயில் ஏறுவதற்குள் அது நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, கோச்சடையைத் தாண்டி, மதுரைக்குள் போய்விட்டது. மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் வரத் தொடங்கின.

அவன் அக்கா பவதாரிணி கால்வாய்க் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறவள். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. எதிரே அழகுபாண்டியின் வயல். தண்ணீர் வடித்து, அறுப்புக்குக் காத்திருந்த நெல், கதிர் கனத்துத் தலை கவிழ்ந்து நின்றது. அதன் நடுவே, யாரோ பெரிய தாம்பாளத்தை அழுத்தி வைத்து எடுத்த மாதிரி ஒரு வட்டம். உள்ளே ஒரு பயிர்கூட நிற்பதாகத் தெரியவில்லை. மிதிபட்டுச் சிதறியும் கிடக்கவில்லை. எல்லாம் ஒரே சுற்றில், எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்ட தலை போலப் படிந்து கிடந்தது. வட்டத்திலிருந்து ஒரு கோடு மட்டும் புறப்பட்டுக் கரைவரைக்கும் வந்திருந்தது.

சின்ன வயதில் அவள் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, வானத்திலிருந்து யாராவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நம்பியதுண்டு. அந்த வட்டத்தைப் பார்த்த நொடியில் அந்தப் பழைய ஆசை ஒரு முறை எட்டிப் பார்த்தது. அதற்குள் கரையில் சண்டை தொடங்கிவிட்டது.

"மனுசன் பண்ணுன வேலையா இது?" என்றார் டீக்கடை தவசி. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கேனோடு கரைக்கே வந்து வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். "மனுசன் எறங்குனா அங்கிட்டு ஒரு மிதி, இங்கிட்டு ஒரு மிதி கெடக்கும். இது அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. மேல இருந்து எறங்கியிருக்கு, எழுதியிருக்கு, போயிருக்கு. அம்புட்டுதான்."

"எழுதுறவனுக்கு எம் வயலுதான் கெடச்சுச்சா?" வயலுக்குச் சொந்தக்காரர் அழகுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அங்கிட்டு ரோட்டோரமா ப்ளாட்டு போட்டு வெறுமனே கெடக்கே, அதுல எழுதிப் போட வேண்டியதான? வெளஞ்ச நெல்லுதான் வேணுமாக்கும் அவனுக்கு."

"அண்ணே, அவன் பாஷையில அது ஏதாவது அர்த்தமா இருக்கும்ணே," என்றார் தவசி.

"அர்த்தம் நான் சொல்றேன். ஒரு குச்சிய நடுவுல ஊனி, அதுல கயித்தக் கட்டி, இழுத்துப் பிடிச்சுச் சுத்துனா வட்டம். வெளிநாட்டுல இப்படித்தான் ஏமாத்துனாங்கன்னு எம் மருமகன் போன்ல காமிச்சான். ஊருக்குள்ள நீளக் கயிறு கட்டித் தொங்க விட்டுருக்கவன் யாரு? காலையில கால்ல சகதியோட எம் வயல்லருந்து ஏறி வந்தவன் யாரு?"

எல்லாத் தலையும் கண்மாய்க் கரைப் புளியமரத்துப் பக்கம் திரும்பியது. அங்கே ராஜபாண்டியின் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழக அவன் கட்டியது. தேர்வில் எல்லாம் தேறிவிட்டான். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நன்னடத்தை விசாரிப்பது மட்டும்தான் பாக்கி. அதுவும் இந்த வாரமே. இந்த நேரத்தில் அவன் பெயர் ஒரு புகாரில் ஏறினால் காக்கிச் சட்டை கைக்கு வருவதற்கு முன்பே கிழிந்து போகும்.

போன மாதம்தான் அழகுபாண்டி, வரப்பில் ஓடுகிறான் என்று அவனை விரட்டியிருந்தார். "வரப்பு என்னண்ணே, உங்க வீட்டு நடுக்கூடமா?" என்று இவனும் கேட்டிருந்தான். அதை ஊர் மறக்கவில்லை.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றார் அழகுபாண்டி. "அதுக்குள்ள நாந்தான் பண்ணுனேன்னு ஒத்துக்கிட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டான்னா விட்டுர்றேன். சின்னப் பயதான."

பவதாரிணியின் அப்பா சின்னக்கருப்பன் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். அழகுபாண்டியின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. ஒரு காலத்தில் அதே மண்ணில் கூலிக்கு வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டியவர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய நிலம். அதில் போன வாரமே அறுத்து முடித்திருந்தார். அவர் மெல்ல மகனிடம் வந்தார்.

"கேட்டுட்டுப் போயிருவோம்டா. ஒரு வார்த்தைதான. வேலை முக்கியமா, ரோசம் முக்கியமா?"

"பண்ணாததுக்கு எதுக்குப்பா கேக்கணும்?"

"ஐயா சொன்னா விட்டுருவாருடா."

பவதாரிணிக்கு அந்த 'ஐயா' எப்போதும் தொண்டையில் முள்ளாகக் குத்தும். அப்பா அவரை ஐயா என்பார், தம்பி அண்ணே என்பான். அவள் எந்த முறையும் வைக்காமலே பேசிப் பழகியிருந்தாள்.

"ஒத்துக்கிட்டா கூட்டத்துல ஒருத்தன் அதையும் வீடியோ எடுப்பான்ப்பா," என்றாள். "விசாரிக்க வர்ற போலீஸ்காரரு அதைப் பாக்க மாட்டாரா? இவன் கேக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல? நான் பாக்குறேன்."

"நீ என்னத்தப் பாப்ப?"

"யாரு பண்ணுனதுன்னு பாப்பேன்."

அவள் வரப்பில் இறங்குவதற்குள் பழங்காநத்தத்துப் பையன் ஒருவன் வழி மறித்தான். சூரியபிரகாஷ். யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். எல்லோருக்கும் முன்னால் வந்து ட்ரோன் பறக்கவிட்டவனும் அவன்தான்.

"அக்கா, பிசிக்ஸ் படிக்கிறீங்களாமே. ஒரு பைட் மட்டும் குடுங்க. விடியக்காலம் வானத்துல பச்சையா ஒரு வெளிச்சம் பாத்தேன்னு சொன்னாப் போதும். நீங்க சொன்னா எடுபடும்க்கா. உங்க தம்பியும் தப்பிச்சுருவாப்ல."

ராஜபாண்டி ஓடி வந்தான். "சொல்லித் தொலையேன்க்கா. யாருக்கு என்ன நட்டம்? மேல இருக்கவன் என்ன மானநட்ட வழக்கா போடப் போறான்?"

"இன்னைக்கு நம்புவாங்க. ஒரு மாசம் கழிச்சு எவனாவது அது பொய்னு காமிப்பான். அன்னைக்கும் கயிறு உங்கிட்டதான்டா இருக்கும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கயித்த அவுத்துட்டு வா." சூரியபிரகாஷிடம் திரும்பினாள். "காலையில எடுத்த ட்ரோன் வீடியோவைக் காட்டு தம்பி. கூட்டம் உள்ள எறங்குறதுக்கு முன்னாடி எடுத்தது."

சின்னத் திரையில் வயல் மஞ்சள் துணியாகவும் வட்டம் அதில் பட்ட கறையாகவும் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்னக் கொத்து மட்டும் சாயாமல் நின்றது. ஓரத்தில் ஒரு வளையம், அது மட்டும் சகதி கலங்கி, கருத்துக் கிடந்தது. மனிதன் பலகை வைத்து அழுத்தியிருந்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே ஓரத்தில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் நடக்காமலே படுத்திருக்கிறது.

வயலுக்குள் இறங்கினார்கள். நடுக்கொத்தை விலக்கியபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நின்றது. தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றின் வாய். உழும்போதும் நடும்போதும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். துருப்பிடித்த குழாயில், ஒரு கை அகலத்துக்கு மட்டும் துரு உரிந்து பளபளவென்று மின்னியது. தொட்டுப் பார்த்தாள். இரும்போடு இரும்பு உரசிய மினுமினுப்பு.

ராஜபாண்டியின் கயிற்றைக் குழாயில் கட்டி இழுத்துப் பார்த்தாள். பாதி தூரம்கூட எட்டவில்லை.

"பாத்தியா!" ராஜபாண்டி துள்ளினான். கரையைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே, எட்டலண்ணே! எங் கயிறு எட்டல!"

"ரெண்டு கயித்த முடிஞ்சுருப்ப!" அழகுபாண்டி அங்கிருந்தே கத்தினார். கரையில் சிரிப்பு.

பவதாரிணி சிரிக்கவில்லை. ஓரத்து வளையத்தில் குனிந்து நடந்தாள். கூட்டம் மிதித்ததில் சகதி குழம்பிப் போயிருந்தது. ஓரிடத்தில், நிற்கிற பயிரின் விளிம்பில், கதிர்கள் மட்டும் காணவில்லை. அரிவாள் வெட்டும் இல்லை. பிய்த்துக் கடித்த நுனி.

"ராஜபாண்டி, மேல இருந்து வந்தவன் நெல்லுத் தின்பானாடா?"

"ஏன், பசிச்சா தின்ன மாட்டானா?"

அவள் நிமிர்ந்தாள். நடுவில் ஒரு இரும்பு. அதில் ஒரு நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில், ஓரத்தை மட்டுமே மிதித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒன்று. இழுபட்டு நிற்கிற கயிறு பயிரின் தலையைத் தடவிக்கொண்டே போனால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் படியும். இதை அவள் பார்த்திருக்கிறாள். வயலில் அல்ல, மாசி மாதத்து வடமாட்டில். திடலின் நடுவில் புதைத்த சக்கரத்தில் வடத்தைக் கட்டி, மறுமுனையில் காளையைக் கட்டி விடுவார்கள். பிடிக்க வரும் ஆட்களுக்குச் சிக்காமல், வடம் போகிற தூரம்வரைக்கும் விலகி, வட்டம் போட்டு ஓடவேண்டும் காளை. கயிற்றைத் தொய்ய விட்டால் தோற்றது.

ஊரில் வடமாட்டுக் காளை ஒன்றுதான். சோணை. அது அழகுபாண்டி வீட்டுக் காளை.

அழகுபாண்டியின் மகள் ரோகிணி மாட்டுக் கொட்டத்தில் சோணையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனவர்கள். பவதாரிணியைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தாவணிக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வா பவா. அதிசயமா இருக்கு."

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"சும்மா காட்டு."

ரோகிணி காட்டவில்லை. காட்ட வேண்டியதும் இல்லை. காயத்துக்குப் பூசிய மஞ்சள் முழங்கைவரைக்கும் வழிந்திருந்தது. சோணையின் முன்னங்கால்களில் நெல்தாள் கிழித்த கீறல்கள். ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த வடத்தில், கழுவியும் போகாத பதர் ஒட்டியிருந்தது. வடத்தின் நுனியில் இரும்பு வளையம்.

"மயில்டி," என்றாள் ரோகிணி கடைசியில். "விடியக்காலம் சோணைய நீச்சலுக்குக் கால்வாய்க்கு ஓட்டிட்டுப் போனேன். வடத்தோடதான். காலடியிலருந்து ஒரு மயில் படபடன்னு கெளம்பிருச்சு. மிரண்டு வயலுக்குள்ள பாஞ்சுருச்சு. வளையத்த விடாமப் பிடிச்சேன், என்னையும் சேத்து இழுத்துருச்சு. கை ரெண்டும் போச்சு. அந்தக் குழாயப் பாத்ததும் அதுல மாட்டி விட்டேன். கட்டுனா நின்னுரும்னு நெனச்சேன்."

"நிக்கல."

"எப்படி நிக்கும்? வடத்துல கட்டுனா ஓடணும்னுதான நான் பழக்கியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "ஓடுச்சு பாரு பவா. நான் நடுவுல நெல்லுக்குள்ள உக்காந்து கெஞ்சுறேன். அது பாட்டுக்கு ஓடுது."

"உங்கப்பா எந்தம்பி மேல எழுதிக் குடுக்கப் போறாருன்னு தெரியும்ல?"

ரோகிணி சோணையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். "தெரியும். ஆனா அப்பா என்ன சொல்லியிருக்காருன்னு உனக்குத் தெரியாது. போன வடமாட்டுல இது கயித்தத் தொய்ய விட்டு நின்னுருச்சுன்னு ஊரே கேலி பண்ணுச்சுல்ல. இன்னொரு தடவை இதால தலகுனிவு வந்தா அடிமாட்டு வண்டில ஏத்தி விட்டுருவேன்னாரு. அது எங்க போகும்னு உனக்குத் தெரியும்ல. இப்ப வெளஞ்ச வயலையே அழிச்சுருச்சுன்னு தெரிஞ்சா?"

பவதாரிணி யோசித்தாள். திட்டிவிடலாம். போய்ச் சொல்லியும் விடலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? கயிறு வைத்திருந்தவனின் அக்கா மாட்டின் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். ரோகிணி வாய் திறக்க வேண்டும். அவள் திறக்க வேண்டுமென்றால் சோணை பிழைக்க வேண்டும்.

கைப்பேசியை எடுத்தாள். சூரியபிரகாஷிடம் வாங்கி வந்த வீடியோ அதில் இருந்தது.

"இந்த ஓரத்தப் பாரு. எங்கயாவது உள்வாங்கியிருக்கா? எங்கயாவது கோணியிருக்கா?"

ரோகிணி பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"தொய்யவே இல்ல," என்றாள்.

"ஒரு சுத்துலகூடத் தொய்யல. இத உங்கப்பா பாக்கணும். நீ சொல்லித்தான் பாக்கணும். நான் சொன்னா எடுபடாது. வடத்த எடு, போவோம்."

"பயமா இருக்கு பவா."

"எனக்குந்தான். பயந்துக்கிட்டே வா."

அவர்கள் வந்தபோது அழகுபாண்டி மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருந்தார். சின்னக்கருப்பன் அதன் பக்கத்தில் நின்று ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு மகள் வருவதைப் பார்த்து அழகுபாண்டி வண்டியை அணைத்தார்.

"இந்தக் கூட்டத்துக்குள்ள மாட்ட எதுக்குத்தா கொண்டு வந்த?"

ரோகிணி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, உரிந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். தவசியின் கேனிலிருந்து டீ சொட்டுவது கேட்டது.

அழகுபாண்டியின் முகம் கறுத்தது. "வயல அழிச்சது இதுவா? தீனி போட்டு வளத்த வயலையே..."

"கொஞ்சம் இருங்க," என்றாள் பவதாரிணி. "நம்பிட்டீங்களா? கூட்டம் நம்பணுமே. எங்க வயல்ல தாளு மட்டுந்தான் நிக்குது. அங்க வச்சுக் காட்டுறோம்."

சின்னக்கருப்பன் மகளைப் பார்த்தார். பிறகு போய், கடப்பாரையை எடுத்து வந்து, தன் வயலின் நடுவில் ஆழமாக இறக்கினார். ரோகிணி வளையத்தை அதில் மாட்டினாள். சோணையின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, "ஓடுய்யா," என்றாள்.

சோணை ஒரு முறை தலையை ஆட்டியது. வடம் விறைக்கும்வரை விலகிப் போனது. விறைத்ததும், யாரோ விசை கொடுத்தது போல, பக்கவாட்டில் பிடித்தது ஓட்டம். கயிறு அறுப்புத்தாளின் மேல் சரசரவென்று உரசிக்கொண்டு சுற்றியது. தாள்கள் வரிசையாகத் தலை சாய்ந்தன. சூரியபிரகாஷின் ட்ரோன் மேலே ஏறியது. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. கடப்பாரைக்கும் காளைக்கும் நடுவில் அந்தக் கயிறு கம்பியாக நின்றது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

சூரியபிரகாஷ் திரையை நீட்டினான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள். இரண்டிலும் ஒரே வட்டம்.

அழகுபாண்டி அதை வாங்கிப் பார்த்தார். கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். கோபம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தொய்யல," என்றார் மெதுவாக.

"தொய்யலப்பா," என்றாள் ரோகிணி.

"போன மாசில எவன்டா எம் மாட்டக் கேலி பண்ணுனது?" கரையைப் பார்த்துக் கேட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை. மகளிடம் திரும்பி, அதட்டலாகவே சொன்னார். "மூச்சு வாங்குதுல்ல, பாத்துக்கிட்டு நிக்கிற? அவுத்துத் தண்ணி காட்டு. கைக்கு மருந்து போட்டியா?"

வண்டியை நோக்கி நடந்தார். போகும்போது சின்னக்கருப்பனிடம், "சரிப்பா, எழுதிக் குடுக்கல. போங்க," என்றார்.

சின்னக்கருப்பன் கும்பிடக் கையைத் தூக்கினார். பவதாரிணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, வண்டியின் முன்னால் போய் நின்றாள். நகரவில்லை.

"காலையில எல்லார் முன்னாடியும்தான் எந்தம்பி பேரச் சொன்னீங்க. அதே மாதிரி எல்லார் முன்னாடியும் அவன் பண்ணலன்னு சொல்லிட்டுப் போங்க."

"அதான் விட்டுட்டேன்ல."

"விடுறதுக்கு அவன் ஒண்ணும் பண்ணலையே."

"பவா," என்றார் அப்பா பின்னாலிருந்து. அவள் திரும்பவில்லை.

அழகுபாண்டி வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். கூட்டம் பார்த்தது. தூரத்தில் சோணை வாளித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரோகிணி அதை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேய், யூடியூப்பு," என்றார் கடைசியில். "அந்தப் பெட்டிய இங்கிட்டுத் திருப்பு."

சூரியபிரகாஷ் திருப்பினான். அழகுபாண்டி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"என் வயல்ல வட்டம் போட்டது எம் மாடு. சின்னக்கருப்பன் மகன் ராஜபாண்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சொன்னது தப்பு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "வரப்புல ஓடாதன்னு சொன்னது மட்டும் தப்பில்ல."

வண்டி புறப்பட்டதும் கரை கலகலத்தது. தவசி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே டம்ளர்களைக் கழுவினார். "மாடுதான் ஓடுச்சு, ஒத்துக்கிறேன். மயிலக் கெளப்பி விட்டது யாருன்னேன்? அதச் சொல்லுங்க மொதல்ல."

மறுநாள் காலை, ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். ராஜபாண்டி வீடு எது என்று கேட்பதற்கு முன்னால், அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பவதாரிணி பல்கலைக்கழக பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப் போனாள்.

"இங்க ரெண்டு இருக்கு சார்," என்றாள். "எதுலருந்து சொல்லட்டும்?"